நிறம் ஏறாத வரி

ஹட்டன் நகரில் பேருந்து நிலையத்துக்குச் சற்று மேலே, ஓர் இரும்புக் கடையின் மாடியில் அந்த மழை அவதான நிலையம் இருந்தது. 2005 நவம்பரில் திறந்தார்கள். சுனாமிக்குப் பிறகு எச்சரிக்கை என்று எழுதிக் கேட்டால் வெளிநாட்டு உதவி கிடைத்த காலம் அது. சுற்றியுள்ள தோட்டங்களின் சரிவுகளில் இருபத்திரண்டு மழைமானிகளை நட்டு, அவற்றை வானொலி அலை மூலம் இந்த மாடியோடு இணைத்திருந்தார்கள். கடந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீற்றர் மழை பெய்தது என்று ஒவ்வொரு மானியும் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு வரி அனுப்பும். கறுப்புத் திரையின் அடியில் வெள்ளை எழுத்தில் அந்த வரி வந்து விழும். பழைய வரிகள் மேலே ஏறி மறையும்.

அந்த வரிகளைப் பார்த்திருப்பதுதான் வேலை. எண் எழுபத்தைந்தைத் தொட்டால் தோட்டத்துக்கு அழைத்துக் கவனமாக இருக்கச் சொல்ல வேண்டும். நூறைத் தொட்டால் சரிவுக்குக் கீழே உள்ள லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, ஆட்களை வெளியேற்றச் சொல்ல வேண்டும்.

பகலில் இரண்டு பேர் இருந்தார்கள். ரோகினிக்கு இருபத்தாறு வயது. அவளுடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கொட்டகலைக்குக் கணக்கு வாத்தியாராக வந்து அங்கேயே தங்கிவிட்டவர். அவள் படித்ததெல்லாம் மலைநாட்டில்தான் என்றாலும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. கணினியில் டிப்ளோமா முடித்திருந்தாள். மற்றவர் செல்லசாமி, நாற்பத்தொரு வயது, நோர்வூட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பதினைந்து வருடம் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் இருந்தவர். காலை ஆறரைக்குக் கண்ணாடிக் குழாயில் மழையை அளந்து புத்தகத்தில் எழுதுவதும் அங்கே அவருடைய வேலைகளில் ஒன்றாக இருந்தது. அந்த அனுபவத்துக்காகத்தான் இங்கே எடுத்தார்கள். இருவருக்கும் மேலே பொறுப்பதிகாரி மஃறூப். மாதத்தில் பாதி நாள் ஜீப்பில் மானிகளைப் பார்த்துத் திரிவார்.

டிசம்பரில் ஒரு நாள் கொட்டகலைப் பக்கத்து மானி ஒன்று எண்பத்தொன்று என்று அனுப்பியதை முக்கால் மணி நேரம் யாரும் கவனிக்கவில்லை. அன்று எங்கும் எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் ரோகினிக்கு அது உறுத்தியது. மணிக்கு எண்பத்தெட்டு வரிகள், எல்லாம் ஒரே வெள்ளை. மத்தியானத்துக்குப் பிறகு கண் வரிகளின் மேல் இருக்கும், ஆனால் எதையும் படித்திருக்காது.

மென்பொருள் வெளிநாட்டிலிருந்து பூட்டிய பெட்டி மாதிரி வந்தது. அதற்குள் கைவைக்க முடியாது. ஆனால் அது வெளியே விடும் எழுத்துகளைத் திரைக்குப் போகும் வழியில் மறித்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தெரியும். தைப்பொங்கல் விடுமுறையில் உட்கார்ந்து முப்பது வரியில் ஒரு சின்ன நிரல் எழுதினாள். அது ஒவ்வொரு வரியையும் வாங்கி, அவள் சொல்லிக்கொடுத்த வடிவம் அதற்குள் இருக்கிறதா என்று பார்க்கும். ஓர் இடைவெளி, அதை ஒட்டி எழுபத்தைந்துக்கும் தொண்ணூற்றொன்பதுக்கும் இடைப்பட்ட ஓர் எண்: இது ஒரு வடிவம். இது இருந்தால் நிரல் அந்த வரிக்கு முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரியாத சில குறிகளைச் செருகிவிடும். திரை அந்தக் குறிகளைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு வரியை மஞ்சளாகக் காட்டும். ஓர் இடைவெளி, அதை ஒட்டி மூன்று இலக்க எண்: இது இரண்டாவது வடிவம். அதற்குச் சிவப்பு. இரண்டிலும் அடங்காத வரி வந்த வெள்ளையிலேயே போய்விடும்.

சிவப்பைச் சோதிக்க உண்மையான வரி எதுவும் கிடைக்கவில்லை. தை மாதத்தில் ஹட்டனில் நூறு மில்லிமீற்றர் எங்கே பெய்கிறது? ஆர்ட்லி தோட்டத்து மானியின் குறியீட்டை எடுத்து, ARD 120 என்று தானே தட்டிக் கொடுத்தாள். வரி சிவப்பாக வந்தது. அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

மஃறூப் அவள் பின்னால் நின்று பார்த்தார். "இத இத்தன நாள் எங்க வெச்சிருந்தீங்க ரோகினி? எல்லா மெசின்லயும் போடுங்க. கொழும்பால வாற ஆக்களுக்கும் காட்டணும்" என்றார்.

அன்று பின்னேரம் மஃறூப் போன பிறகு செல்லசாமி தன் நாற்காலியைத் திருப்பினார்.

"மிஸ், என் மிசின்ல மட்டும் பழைய மாதிரியே விட்டுருங்க."

"ஏன் அண்ணை? கண்ணுக்குச் சுகமாயெல்லோ இருக்கு."

"எனக்கு வெள்ளையே பழகிப்போச்சுங்க."

"ஒரு கிழமை பாத்தால் இதுவும் பழகீடும்."

"வேணாங்க மிஸ். சாருகிட்டயும் சொல்லிக்க வேணாம்."

அவளுக்குக் கோபம் வந்தது. விடுமுறையை முழுக்கச் செலவழித்துச் செய்த ஒன்றை இந்த மனுஷர் தொட்டும் பார்க்க மாட்டேன் என்கிறாரே என்று இருந்தது. பிடிவாதக்காரர் என்று எண்ணிக்கொண்டு அவருடைய கணினியை அப்படியே விட்டாள். மஃறூப்பிடம் சொல்லவும் இல்லை. அந்த அறையின் இரண்டு திரைகளில் ஒன்று நிறத்தோடும் மற்றது நிறமில்லாமலும் ஓடியது. மஃறூப் வரும்போதெல்லாம் அவள் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போனதால் இது அவருக்குத் தெரியவரவில்லை.

நிறம் வந்த பிறகு வேலை இலகுவாயிற்று. மார்ச்சில் இரண்டு மஞ்சள் வந்தன, ஏப்ரலில் ஐந்து. ஒன்றும் தவறவில்லை. ரோகினி வரிகளைப் படிப்பதை விட்டுவிட்டாள். மஞ்சள் தெரிந்தால் நிமிர்வாள், இல்லாவிட்டால் வேறு கோப்புகளைப் பார்ப்பாள். செல்லசாமி மட்டும் முன்னைப் போலவே கோடு போடும் அடிமட்டம் ஒன்றைத் திரையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

ஜூன் இரண்டாம் வாரம் மழை பிடித்தது. திங்கள் இரவு தொடங்கியது புதன் பகலிலும் விடவில்லை. நோர்வூட் வீதியில் மண் விழுந்து, மஃறூப்பின் ஜீப் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. பதினொரு மணிக்குத் திரையில் நான்கு மஞ்சள் இருந்தன. பன்னிரண்டே முக்காலுக்கு ஆர்ட்லியும் மஞ்சளானது. ரோகினி தோட்டத்து அலுவலகத்துக்கு அழைத்துச் சொன்னாள். கிளாக்கர் ஒருவர், சரி, துரையிடம் சொல்கிறோம் என்றார். துரை என்றால் தோட்ட நிர்வாகி. மஞ்சளான மானிகளின் பெயரை அவள் ஒரு தாளில் எழுதி, தோட்டத்துக்குச் சொல்லி முடித்ததும் சரி அடையாளம் போட்டாள்.

இரண்டேகால் மணிக்குப் புது வரிகள் வந்து விழுந்தன. மஞ்சள் நான்குதான். தாளைப் பார்த்து ஆர்ட்லிதான் குறைந்திருக்கிறது என்று கண்டாள். இருபத்து நான்கு மணி நேரக் கணக்கு என்பதால் முதல் நாள் பெய்தது கழிந்துபோக எண் இறங்குவதும் உண்டு. அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டாள். அந்த நேரம் பார்த்து மஃறூப் அழைத்தார். தொலைபேசியில் மழையின் இரைச்சலுக்குள் அவர் குரல் விட்டுவிட்டு வந்தது.

"செவப்பு ஏதும் வந்ததா?"

"இல்லை சேர். மஞ்சள் நாலு. ஆர்ட்லி குறைஞ்சிட்டுது."

"நல்லம். நான் வர நேரமாகும். பாத்துக்கங்க."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு, வேறு இரண்டு தோட்டங்களுக்கு அழைத்துப் பேசி முடித்தாள். அதற்குள் செல்லசாமியின் அடிமட்டம் வரி வரியாக நகர்ந்து ஆர்ட்லிக்கு வந்திருந்தது.

"மிஸ், ஆர்ட்லி நூத்தி நாலு."

"இல்லையே அண்ணை. அது இறங்கீட்டுது. என்ர ஸ்கிரீன்ல நிறம் இல்லை."

"நெறத்த விடுங்க. நம்பரப் பாருங்க."

அவள் மேலே ஏறிக்கொண்டிருந்த வரிகளுக்குள் தேடினாள். வரி அங்கே இருந்தது, வெள்ளையாக. ARD104. குறியீட்டுக்கும் எண்ணுக்கும் நடுவே இடைவெளி இல்லை. மென்பொருள் எண்ணுக்கு மூன்று இடம் ஒதுக்கியிருந்தது. இரண்டு இலக்கம் வரும்போது முதல் இடம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தைத்தான் அவள் எப்போதும் இருக்கும் இடைவெளி என்று எடுத்து வடிவத்தில் எழுதியிருந்தாள். மூன்றாவது இலக்கம் வந்ததும் அது அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. இது அத்தனையும் அவளுக்கு ஒரே பார்வையில் விளங்கியது. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு இருபத்திரண்டு.

ஆர்ட்லி அலுவலகத்துக்கு அழைத்தாள். மணி அடிக்கவில்லை. கம்பி எங்கோ அறுந்திருந்தது. துரையின் கைத்தொலைபேசிக்கும் தொடர்பு இல்லை.

செல்லசாமி தன் சட்டைப் பையிலிருந்து சின்னக் குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "ஆர்ட்லி மேல் பிரிவு கண்டாக்கு வீரய்யா நம்பர் இருக்கு. ஒரு கல்யாண வீட்டுல குடுத்தாரு" என்றார். கண்டாக்கு என்றால் கள வேலைகளைப் பார்க்கும் உத்தியோகத்தர். மூன்று தடவை முயன்ற பிறகு, இரண்டரைக்கு வீரய்யா கிடைத்தார்.

"கண்டாக்கையா, நான் ஹட்டன் மழ ஆபீஸ்ல இருந்து செல்லசாமி பேசுறேங்க. ஒங்க மல நூத்தி நாலு காட்டுது. மேல் லயத்துல ஆள் இருக்காங்களா?"

மறுமுனையில் சொன்னது ரோகினிக்குக் கேட்கவில்லை.

"தொரை வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. அவர் கேட்டா எம் பேரச் சொல்லுங்க. மணிய அடிங்க. புள்ளக்காம்பராவுல உள்ள புள்ளைகள மொத எறக்குங்க... ஆமாங்க... ஸ்கூலுக்குக் கொண்டு போங்க. நீங்க கையில போன வச்சுக்கிட்டே இருங்க."

ஆட்களைக் கூட்டிப் பேர் எடுக்கும் பெரட்டுக்களத்து மணி இரண்டு முப்பத்தைந்துக்கு அடித்தது என்று பிறகு சொன்னார்கள். கொழுந்து நிறுக்க வந்திருந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு லயத்துக்கு ஓடினார்கள். கால் மணி நேரத்துக்குள் லயத்தின் அறைகளான பன்னிரண்டு காம்பராவும் காலியாகிவிட்டன. மூன்று மணி கடந்து ஐந்து நிமிடத்தில் மேலே இருந்த சரிவு தேயிலைச் செடிகளையும் தூக்கிக்கொண்டு இறங்கியது. எட்டுக் காம்பராக்கள் மண்ணுக்குள் போயின. அறுபத்தொரு பேர் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.

ஒருவர் மட்டும் இல்லை. மூக்கன் என்பவர், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற தொழிலாளி, மற்றவர்களோடு பள்ளிக்கூடம் வரைக்கும் வந்தவர்தான். லயத்துக்குப் பின்னால் கொட்டிலில் கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போயிருந்தார். அவரை வெள்ளிக்கிழமை எடுத்தார்கள்.

சனிக்கிழமை மஃறூப் ரோகினியைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். திங்கட்கிழமை கொழும்பிலிருந்து மூன்று பேர் விசாரிக்க வருவதாகச் சொன்னார்.

"பிழைய சரி செஞ்சிட்டீங்கதானே?"

"அண்டைக்கே செய்திட்டன் சேர்."

"அப்ப சரி. ஆள காப்பாத்திட்டம், அதான் முக்கியம். இத அவங்க கேட்டா மட்டும் சொல்லுங்க. கேக்காத ஒண்ட நாங்களா எடுத்துப் போட தேவல்ல."

மஃறூப் கெட்ட மனிதர் அல்ல. இருபத்திரண்டு மானிகளை நடுவதற்காக ஒரு வருடம் அலைந்தவர். நிலையத்தை மூடிவிடுவார்களோ என்று பயந்தார். பேச்சின் கடைசியில் வேறொன்றும் கேட்டார்: செல்லசாமியின் திரையில் நிறம் ஏன் இல்லை? எல்லாக் கணினியிலும் போடும்படி தான் அன்றே சொல்லியிருக்க, அது எப்படி அப்படியே இருந்தது? வருகிறவர்கள் அதைக் கட்டாயம் கேட்பார்கள் என்றார்.

அன்று மாலை மாடிப் படியில் இறங்கும்போது செல்லசாமி நின்றார். கீழே கடையில் யாரோ தகரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓயட்டும் என்று நின்றுவிட்டுச் சொன்னார்.

"மிஸ், எனக்குச் செவப்பு தெரியாதுங்க."

அவளுக்கு உடனே புரியவில்லை.

"பொறந்ததுல இருந்தே அப்படித்தான். செவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. கறுப்புல செவப்பா எழுதுனீங்கன்னா, மங்கலா ஏதோ பூச்சி ஊர்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். எண்பத்தேழுல ரயில்வேயில கார்டு வேலைக்குப் போனேன். எழுத்துப் பரீட்ச பாஸ். அப்புறம் புள்ளி புள்ளியா ஒரு பொஸ்தகத்தக் காட்டி இதுல என்னா நம்பர்னு கேட்டாங்க. எனக்கு நம்பரே தெரியல. அதோட அனுப்பிட்டாங்க."

"ஏன் அண்ணை எனக்கு அண்டைக்கே சொல்லேல்லை?"

"இங்க சேரும்போது பாரத்துல கேட்டிருந்தாங்க, கண்ணுல கோளாறு இருக்கான்னு. இல்லேன்னு போட்டேன். அப்ப எல்லாம் வெள்ளதானே, அதனால பொய்யில்லேன்னு நெனச்சுக்கிட்டேன். பெரிய மக கொட்டகலையில ஏஎல் பரீட்சைக்குப் படிக்கிறா. இந்த வேல போச்சுன்னா திரும்பத் தொழிற்சாலைக்கும் எடுக்க மாட்டாங்க" என்றார்.

அவள் அவருடன் பேருந்து நிலையம் வரை நடந்தாள்.

திங்கட்கிழமை வந்தவர்கள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் விசாரித்தார்கள். அவர்கள் கேட்கும் முன்பே ரோகினி பிழையைச் சொன்னாள். இடைவெளி எப்படி மறைந்தது என்பதைத் தாளில் எழுதிக் காட்டினாள். சோதிக்கும்போது தானே தட்டிய வரியில் தன் கையாலேயே இடைவெளியைப் போட்டதையும், அதனால்தான் சோதனை சரியாக வந்தது என்பதையும் சொன்னாள். மஃறூப் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மூவரில் மூத்தவர் மற்றத் திரையைப் பற்றிக் கேட்டார்.

அதை நிறம் போடாமல் விட்டது தான்தான் என்று அவள் சொன்னாள். இரண்டு பேரும் ஒரே மாதிரிப் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே பிழையைத்தான் விடுவார்கள், அதனால் ஒன்றை வந்தபடியே வைத்திருந்தேன் என்றாள். முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவதும் உண்மைதான், ஆனால் அது அவளுக்குத் தெரிந்தது புதன்கிழமை இரண்டு இருபத்திரண்டுக்கு. அதை ஜனவரியிலேயே யோசித்ததாகச் சொல்லும்போது குரல் தடுமாறும் என்று பயந்தாள், தடுமாறவில்லை. செல்லசாமியிடம் அவர்கள் கேட்டது வீரய்யாவின் நம்பர் எப்படிக் கிடைத்தது என்பதை மட்டும்தான்.

ஜூலையில் அறிக்கை வந்தது. எழுத்து அமைப்பில் ஏற்பட்ட சிறு முரண்பாடு, தற்போது சரிசெய்யப்பட்டுள்ளது என்று பிழைக்கு ஒரு வரி இருந்தது. ஒரு திரையை நிறமின்றி வைத்திருந்த உதவியாளரின் முன்யோசனையைப் பாராட்டி ஒரு பந்தி இருந்தது. இனி எல்லா நிலையங்களிலும் அப்படி ஒரு திரை கட்டாயம் என்று விதியும் போட்டிருந்தார்கள். ரோகினி அந்தப் பந்தியைப் படித்துவிட்டுச் செல்லசாமியிடம் நீட்டினாள்.

"இது உங்கட, அண்ணை. என்ர பேரில கிடக்கு."

அவர் நிதானமாகப் படித்தார். "இருக்கட்டும் மிஸ். எம் பேருல இருந்தா ஏன்னு கேப்பாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு அடிமட்டத்தை எடுத்துக்கொண்டார்.

அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஆர்ட்லிக்குப் போனார்கள். போகவேண்டும் என்று சொன்னது அவள்தான். லயத்துக் குடும்பங்கள் இன்னும் பள்ளிக்கூடத்தில் இருந்தன. வகுப்பறைகளைச் சேலை கட்டிப் பிரித்திருந்தார்கள். மூக்கனின் மனைவி அம்மாக்கண்ணு வாங்குப் பலகை ஒன்றைத் துடைத்து உட்காரச் சொன்னாள், பால் ஊற்றாத தேயிலைச் சாயத் தண்ணீர் கொண்டுவந்தாள். யார் என்று செல்லசாமி சொன்னார். மழை ஆபீஸ் என்றதும் அவள் ரோகினியைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒங்களுக்கு எத்தன மணிக்குத் தெரிஞ்சுச்சுங்க?"

"ரெண்டேகாலுக்கு மிசின் சொன்னது அம்மா. நான் ஏழு நிமிசம் பாக்கேல்லை. அது என்ர பிழை. பிறகு இவர்தான் கண்டவர்."

அம்மாக்கண்ணு விரலில் கணக்குப் பார்த்தாள்.

"ஏழு நிமிசம் முந்தி அடிச்சிருந்தா, மொத தடவையே மாட்டையும் அவுத்துட்டு வந்திருப்பாரு" என்றாள். குற்றம் சொல்லும் குரல் அதில் இல்லை. "இல்லேன்னா வேற எதுக்காச்சும் திரும்பிப் போயிருப்பாரு. சொன்னாக் கேக்கற மனுசன் இல்ல."

சாயத் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. அம்மாக்கண்ணு அதைக் குடிக்கச் சொன்னாள்.

புது லயம் கட்டக் கீழ் மலையில் இடம் காட்டியிருக்கிறார்கள், அங்கேயும் மேலே சரிவுதான், அங்கே மிசின் வைப்பீர்களா என்று அவள் கேட்டாள். அது தங்கள் கையில் இல்லை என்று ரோகினி சொன்னாள். கடிதம் எழுதிக் கேட்கலாம், எழுதுகிறேன் என்றாள். செல்லசாமி இடத்தின் பெயரையும், லயத்துக்கு எத்தனை காம்பரா என்பதையும் கேட்டுக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

ஆகஸ்டில் அவள் நிரலைத் திரும்ப எழுதினாள். இந்தத் தடவை சோதனை வரிகளைத் தான் தட்டவில்லை. மானிகளில் தண்ணீரை ஊற்றச் சொல்லி மஃறூப்பை நச்சரித்து, இருபத்திரண்டிலிருந்தும் நூறைத் தாண்டிய எண்ணோடு உண்மையான வரிகளை எடுத்தாள். எழுபத்தைந்துக்குக் கீழான எண்ணுக்கும் ஒரு வடிவம் எழுதி, எந்த வடிவத்திலும் சேராத வரியை மட்டும் வெள்ளையாக விடாமல், வெள்ளைப் பட்டைமேல் கறுப்பு எழுத்தில் காட்டச் செய்தாள். சிவப்பு என்று இருந்ததை எந்த நிறமாக மாற்றலாம் என்று செல்லசாமியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். எட்டு நிறத்தில் அவர் நீலப் பட்டையின் மேல் மஞ்சள் எழுத்தைக் காட்டி, இது தெளிவாகத் தெரிகிறது என்றார். மஃறூப் வந்து பார்த்து, ஆபத்துக்கு நீலமா என்று கேட்டார். இருட்டில் இதுதான் எடுப்பாகத் தெரிகிறது என்று அவள் சொன்னாள். அவர் மறுக்கவில்லை.

கடிதத்துக்கு ஒக்டோபரில் பதில் வந்தது. இருபத்து மூன்றாவது மானியைக் கீழ் மலையில் நட்டபோது அம்மாக்கண்ணு தூணைப் பிடித்துக் கொடுத்தாள் என்று மஃறூப் வந்து சொன்னார். அன்று பின்னேரம் மூன்றே முக்காலுக்கு அதன் முதல் வரி வந்தது. இரண்டு மில்லிமீற்றர். செல்லசாமி அதை வாசித்தார், ரோகினி பதிவுப் புத்தகத்தில் எழுதினாள்.